பாஸ்வேர்டு மறந்துபோகும் டீச்சருக்கு ஒரு பதில்

டீச்சர், மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வயது 47. காரைக்குடிப் பக்கம் உதவிபெறும் நடுநிலைப் பள்ளி ஒன்றில் கணக்கு எடுக்கிறீர்கள். மாதம் ஒரு ஆப் வருகிறது, போன மாதத்து பாஸ்வேர்டு மறந்துபோகிறது, பக்கத்து வகுப்புக்குப் புதிதாக வந்த 26 வயதுப் பெண் எல்லாவற்றையும் பேசிக்கொண்டே செய்து முடித்துவிடுகிறாள். 'ஆன்லைனில் எந்தக் கோர்ஸ் சேர்ந்தால் நானும் தேறுவேன், சர்டிபிகேட்டுக்கு மதிப்பு உண்டா?' என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டது கோர்ஸ் பெயரைத்தான். ஆனால் இரண்டாவது தடவை படித்தபோது எனக்கு அதில் வேறு இரண்டு கேள்விகள் தெரிந்தன: இந்த வயதுக்கு மேல் இதெல்லாம் எனக்கு ஏறுமா, ஏறினாலும் அதனால் என் பிள்ளைகளுக்குக் கணக்கு வருமா. அந்த இரண்டுக்கும் முதலில் சொல்கிறேன். கோர்ஸ் விஷயம் சின்னது, கடைசியில் பார்க்கலாம்.

நான் 31 வருஷம் கணக்கு வாத்தியார். நடுவில் ஒன்பது வருஷம் வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராக இருந்தேன், கல்லல், சாக்கோட்டை, தேவகோட்டை என்று பள்ளி பள்ளியாகப் போயிருக்கிறேன். ஆறு முதல் பத்து வரைதான் எடுத்திருக்கிறேன். ஒன்றாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கட்டி மேய்த்த அனுபவம் கிடையாது, மொழிப்பாடம் எடுத்ததும் இல்லை. அதனால் நான் சொல்வதைக் கணக்கு வகுப்புக்கு மட்டும் பொருத்திப் பாருங்கள், தமிழ் டீச்சர் யாராவது மறுத்தால் அவர் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பயிற்றுநராகப் போன புதிதில் நான் செய்த கூத்து ஒன்று உண்டு. ஒரே நாள் பயிற்சியில் பதினான்கு கருவிகள் காட்டினேன். நாற்பது ஆசிரியர்கள், ஒரு புரொஜெக்டர், மத்தியானம் தயிர்சாதம், நாலு மணிக்குக் கைதட்டல். 'சார், இவ்வளவு இருக்கா!' என்று வேறு சொன்னார்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு மாதம் கழித்து அதே பள்ளிகளுக்குப் பார்வைக்குப் போனால் ஒருவரும் ஒன்றையும் தொடவில்லை. ஒரே ஓர் அம்மா மட்டும் பதினான்கில் ஒன்றை வைத்து வாராவாரம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். அவர் கெட்டிக்காரர் என்பதாலா? இல்லை. அவருடைய பள்ளியில் அடுத்த அறையில் இருந்த அறிவியல் சார், அது நின்றுபோகும்போதெல்லாம் எழுந்து வந்து சரிசெய்து கொடுத்தார். அவ்வளவுதான் காரணம்.

அதே பயிற்சியில் நான் ஒரு படமும் போட்டேன். நீங்களும் பத்து தடவை பார்த்திருப்பீர்கள்: படித்தால் 10 சதவீதம் நினைவில் நிற்கும், கேட்டால் 20, செய்தால் 90 என்று ஒரு முக்கோணம். எட்கர் டேல் என்ற அமெரிக்கக் கல்வியாளர் பெயரைப் போட்டுச் சுற்றும். டேல் 1946-இல் போட்ட கூம்புப் படத்தில் எண்ணே கிடையாது. பின்னால் யாரோ ஏற்றிவிட்ட கணக்கு அது. கணக்கு வாத்தியாரான நானே, எல்லாம் பத்து பத்தாக முழு எண்ணில் முடிகிறதே என்று ஒரு நாளும் சந்தேகப்படாமல் வருஷக்கணக்கில் காட்டியிருக்கிறேன். கருவி பற்றி யாராவது சதவீதம் சொன்னால் கொஞ்சம் நின்று கேளுங்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியவையும் இருக்கின்றன. ப்ரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற இருவர் 1980 வாக்கில் ஆசிரியர் பயிற்சி பற்றிப் பிரித்துப் பார்த்து எழுதினார்கள்: விளக்கம், செய்து காட்டல், செய்து பார்த்தல், குறை நிறை சொல்லல், இவற்றுக்கு அப்புறம் வகுப்பறையிலேயே கூட நின்று உதவுதல். கடைசியாகச் சொன்னது இல்லாவிட்டால் முன்னே உள்ளவை பயிற்சி நடந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன. தாமஸ் கஸ்கி என்ற கல்வி ஆய்வாளர் 1986-இல் இன்னொன்று சொன்னார். நம்பிக்கை வந்த பிறகு ஆசிரியர் முறையை மாற்றுவதில்லை, மாற்றிப் பார்த்து, பிள்ளைகளிடம் பலன் தெரிந்த பிறகுதான் நம்பிக்கை வருகிறது. என் ஒன்பது வருஷமும் இதைத்தான் சொல்கிறது. எனவே 'முதலில் தைரியம் வரட்டும், அப்புறம் தொடங்கலாம்' என்று காத்திருந்தால் ஓய்வு பெறும் தேதி வந்துவிடும்.

இதெல்லாம் நம் ஊருக்குப் புதிதும் இல்லை. எங்கள் ஐயா, அப்பாவைப் பெற்றவர், யுத்தத்துக்கு முந்தி பர்மாவில் மோல்மேன் ஊரில் ஒரு வட்டிக்கடையில் இருந்தவர். பெட்டியடிப் பையனாகப் போய், பிறகு அடுத்தாள், அதாவது மேலாளுக்குப் பக்கத்தில் இருந்து உதவும் ஆள் ஆகி, அதற்கு மேலும் போனவர். யாரும் அவருக்கு வகுப்பு எடுத்து ஐந்தொகை (கடையின் சொத்து, கடன் கணக்கு) சொல்லித்தரவில்லை. பெட்டியடியில் உட்கார்ந்து, பேரேட்டைத் தூக்கிக் கொடுத்து, மேலாள் எழுதும்போது பக்கத்தில் இருந்து பார்த்துப் பார்த்து வந்ததுதான். தப்பு விழுந்தால் அங்கேயே, அன்றைக்கே திருத்துவார்களாம். உங்களுக்குத் தேவை கோர்ஸ் அல்ல டீச்சர், ஒரு அடுத்தாள். அந்த 26 வயதுப் பெண்ணை எதிர்க்கடைக்காரியாகப் பார்க்கிறீர்கள். வெட்கத்தை விட்டு, 'வியாழக்கிழமை மூணாவது பீரியட் என் வகுப்புக்கு வந்து பின்னால உட்காரு தாயி' என்று கூப்பிட்டுப் பாருங்கள். அவளுக்கு ஆப் தெரியும். எட்டாம் வகுப்புப் பையன் கழித்தலில் எங்கே சறுக்குவான் என்று தெரியாது, அது உங்களுக்குத் தெரியும். கடன் வாங்கியதற்குக் கடன் அடைந்துவிடும்.

சரி, எதிலிருந்து தொடங்குவது? கருவியிலிருந்து தொடங்காதீர்கள். வருஷா வருஷம் உங்கள் கையில் உதைக்கிற ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது ஆறாம் வகுப்புச் சமச்சீர்த்தன்மை. செவ்வகத்தின் மூலைவிட்டம் சமச்சீர்க்கோடுதான், அதில் மடித்தால் இரண்டு பாதியும் பொருந்தும் என்று பிள்ளைகள் சத்தியம் செய்வார்கள். சுழல் சமச்சீர், அதாவது ஒரு முழுச் சுற்று முடிவதற்குள்ளேயே உருவம் தன் மேலேயே பொருந்துவது, பாதி பேருக்கு என்னவென்றே பிடிபடாது. இதில் முதல் பிரச்சினைக்கு எந்த ஆப்பும் வேண்டாம். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து மூலைவிட்டத்தில் மடிக்கச் சொன்னால், ஓரம் பிதுங்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் வாதம் முடிந்தது. அதையே நான் ஜியோஜீப்ரா என்ற வடிவக்கணித சாஃப்ட்வேரில் போட்டுக் காட்டி ஒரு முழு பீரியடை வீணடித்திருக்கிறேன். காகிதம் ஜெயிக்கும் இடத்தில் கம்ப்யூட்டரைத் திறக்கக் கூடாது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

இரண்டாவது பிரச்சினையில் காகிதம் தோற்கிறது, 90 பாகை, 72 பாகை என்று கைப்பிடித்துத் திருப்பிக் காட்ட முடியாது. அங்கேதான் ஜியோஜீப்ரா. மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் என்பவர் 2001-இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் மாணவராக இருந்தபோது செய்யத் தொடங்கியது, பள்ளிக்கூட உபயோகத்துக்கு இலவசம், ஒரு தடவை இறக்கிக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும். நான் செய்தது இதுதான்: எங்கள் பழைய வீட்டு வளவில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல்லை, பூ வேலைப்பாடு போட்ட தரைக்கல்லை, போனில் படம் எடுத்தேன், ஜியோஜீப்ராவில் உள்ளே போட்டேன், நடுவில் ஒரு புள்ளி வைத்தேன், கோணத்துக்கு ஒரு ஸ்லைடர் வைத்தேன், அந்தப் புள்ளியைச் சுற்றிப் படத்தின் நகல் ஒன்று சுழலும்படி செய்தேன். ஸ்லைடரை இழுத்தால் பூ மெல்லத் திரும்பும், 90 பாகை வந்ததும் கீழே உள்ள பூவோடு அப்பிக்கொள்ளும். 'ஒண்ணு!' என்று வகுப்பே கத்தும். 180-இல் 'ரெண்டு!'. 360 வந்ததும் 'நாலு!'. சுழல் சமச்சீர் வரிசை நான்கு என்பதைப் போர்டில் எழுதவே வேண்டியிருக்கவில்லை.

அதற்கப்புறம் வேறு ஒரு கல். பூவின் கால் பாகம் மட்டும் ஒரு மூலையில் இருக்கும், நாலு கல்லைச் சேர்த்து வைத்தால்தான் முழுப்பூ. ஒற்றைக் கல்லுக்குச் சமச்சீர்க்கோடு ஒன்றே ஒன்று, நாலைச் சேர்த்தால் கோடும் நாலு ஆகிறது. இதைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். மூன்றாவதாகக் காற்றாடி மாதிரி இதழ் வளைந்த ஒரு கல்லைப் போட்டேன். சுழல்கிறது, ஆனால் எந்தக் கோட்டில் மடித்தாலும் பொருந்தாது. அப்போது பின் பெஞ்சிலிருந்து ஒருவன், அவன் அப்பா ஆத்தங்குடியில் கல் போடும் கொட்டகையில் வேலை பார்க்கிறவர், எழுந்து, 'சார், இந்தக் காத்தாடியை அச்சுல பார்த்தீங்கன்னா எதிர்ப்பக்கமா சுத்தும்' என்றான். எனக்கு விளங்கவில்லை. அவன் முன்னால் வந்து விளக்கினான்: கீழே கண்ணாடி, மேலே சட்டம், அதற்குள் அச்சை வைத்துச் சாயச் சிமெண்டை ஊற்றுவார்கள், அச்சை எடுத்துவிட்டு உலர்ந்த மணல் சிமெண்டு தூவி, மேலே கலவை போட்டு மட்டம் செய்வார்கள், தண்ணீரில் ஊறிய பிறகு கண்ணாடியைப் பிரிப்பார்கள். நாம் மிதிக்கும் பளபளப்பான பக்கம் வேலை நடக்கும்போது அடியில் இருப்பது. ஆகவே திருப்பினால் இடம் வலம் மாறிவிடும். எதிரொளிப்பு என்ற பாடத்தை அந்தப் பையன் எடுத்து முடித்துவிட்டான். நான் ஸ்லைடரை விட்டுவிட்டு, எதிரொளிப்புக் கருவியைத் தேடிப் பிடித்து அவன் சொன்னதைத் திரையில் செய்து காட்டினேன், அதற்கு எனக்கு நாலைந்து நிமிடம் பிடித்தது, இரண்டு தடவை தப்பாகச் சொடுக்கினேன், வகுப்பு சிரித்தது. ஒன்றும் குறைந்துபோகவில்லை.

இந்தப் பாடத்தைத் தயார் செய்ய எனக்கு முதல் தடவை மூன்று சாயங்காலம் ஆயிற்று. உங்களுக்கும் ஆகும், அதை மறைக்க மாட்டேன். அடுத்த வருஷம் அதே கோப்பைத் திறந்து பத்து நிமிடத்தில் முடித்தேன். வயசான மூளைக்கு ஏறுமா என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: மெனு எங்கே இருக்கிறது என்பது மெதுவாக ஏறும், சீக்கிரம் மறக்கும், அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். எதைக் காட்ட வேண்டும் என்ற புத்தி உங்களுக்கு ஏற்கெனவே ஏறிவிட்டது, அது இளசுகளுக்குத்தான் வருஷக்கணக்காகும்.

இரண்டாவது கருவி ஒன்று சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் பிள்ளைகளிடம் போன் இருக்காது. பிளிக்கர்ஸ் என்று பெயர். பிள்ளைக்கு ஒன்றாகக் காகித அட்டை, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு கறுப்புக் கட்டம், நாலு பக்கமும் பொடி எழுத்தில் ஏ, பி, சி, டி. நீங்கள் கேள்வியைக் கேட்டதும் தன் விடை மேலே வரும்படி அட்டையைத் தூக்கிப் பிடிப்பார்கள். உங்கள் ஒரு போனை எடுத்து வகுப்பின் மேல் ஓட்டினால் யார் என்ன சொன்னார்கள் என்று வந்துவிடும். அட்டை ஒவ்வொன்றும் வேறு வேறாக இருப்பதால் பக்கத்து அட்டையைப் பார்த்துக் காப்பியடிக்க முடியாது. போனில் டேட்டா இருக்க வேண்டும். அட்டையைப் பளபளவென்று லேமினேட் செய்துவிடாதீர்கள், டியூப்லைட் வெளிச்சம் பட்டால் கேமராவுக்குத் தெரியாது. சார்ட்டில் ஒட்டினால் போதும். விரலால் கட்டத்தை மறைக்கக் கூடாது என்று மூன்று நாள் சொல்ல வேண்டியிருக்கும். எட்டில் மூன்று பெரிதா, ஐந்தில் மூன்று பெரிதா என்று கேட்டேன், வகுப்பில் பாதிக்கு மேல் எட்டில் மூன்றைத் தூக்கினார்கள். எப்போதும் கைதூக்கும் நாலு பேரை மட்டும் கேட்டிருந்தால் அடுத்த பாடத்துக்குப் போயிருப்பேன்.

அடிக்கடி இப்படிச் சின்னச் சோதனை வைப்பது நல்லது என்பது கருவி விற்கிறவர்கள் கட்டிவிட்டது இல்லை. ரோடிகர், கார்ப்பிக்கே என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006-இல் செய்த சோதனையில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முன்னே நின்றார்கள், ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். இது பல இடங்களில் திரும்பத் திரும்பச் சரிபார்க்கப்பட்ட விஷயம். ஆனால் ஸ்மார்ட் போர்டு மாட்டினால் மார்க் கூடும், அனிமேஷன் போட்டால் மெதுவாகப் படிக்கும் பிள்ளையும் தேறிவிடும் என்பதெல்லாம் அப்படி அடித்துச் சொல்லக்கூடியவை அல்ல. போர்டு இருந்தும் ஒன்றும் நடக்காத வகுப்பையும் பார்த்திருக்கிறேன், சாக்பீஸ் மட்டும் வைத்துக்கொண்டு அசத்துகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

தமிழ் டைப்பிங் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். என் கணக்கில் எந்த ஆப்பையும் விட அதிக நேரத்தை மிச்சப்படுத்துவது அதுதான். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்த கேள்வித்தாள் வேறு கம்ப்யூட்டரில் கொக்கி கொக்கியாகத் தெரியும், தேடினாலும் கிடைக்காது. எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி தெரியும் யூனிகோடு எழுத்துக்கு மாறிவிடுங்கள். விசைப்பலகை தமிழ்99 பழகுங்கள், 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்தது. உயிரெழுத்து இடக்கையில், மெய் வலக்கையில், ஒரே மெய்யை இரண்டு தடவை தட்டினால் முதலாவதுக்குத் தானாகப் புள்ளி விழும். 247 எழுத்துக்கு 31 விசை. தினம் இருபது நிமிடம் வைத்தால் ஒரு மாதத்தில் கை தானாகப் போகும். அதுவரை போனில் மைக்கைத் தட்டிப் பேசி எழுத வையுங்கள், நன்றாகவே எழுதுகிறது, ஆனால் ர, ற குழப்பத்தை நீங்கள்தான் திருத்த வேண்டும்.

சாட்ஜிபிடி மாதிரியானவை பற்றிக் கொஞ்சம் பயத்தோடு கேட்டிருந்தீர்கள். நான் அதை ஒரே வேலைக்குத்தான் அதிகம் பயன்படுத்துகிறேன்: தப்பு விடை தயாரிக்க. 'பின்னக் கூட்டலில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் செய்யக்கூடிய நாலு வகைத் தவறுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு' என்று கேட்டால் சில வினாடியில் தருகிறது, பிளிக்கர்ஸ் கேள்விக்கு அப்படியே உதவும். ஒவ்வொரு கணக்கையும் கையால் போட்டுப் பார்க்காமல் வகுப்புக்குக் கொண்டுபோகக் கூடாது. தப்பான விடையையும் அதே தைரியத்தோடு சொல்லும். தமிழில் கலைச்சொல்லும் இடறும், நம் பாடநூலில் பகு எண் என்று இருப்பது ஒரு தடவை எனக்குக் கூட்டு எண் என்று வந்தது. இன்னொன்று, பிள்ளைகளின் பெயர், மதிப்பெண், ஆதார் எண், படம் எதையும் அதில் போடாதீர்கள். 2023-ஆம் வருஷத்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழே எல்லாரும் குழந்தைகள், அவர்கள் தகவலைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்றிருக்கிறது. பிள்ளைகள் படத்தை ஸ்டேட்டஸில் வைக்கும் நம் பழக்கத்தையும் இந்தக் கையோடு விட்டுவிடலாம்.

இப்போது கோர்ஸ். தீக்ஷா என்ற மத்திய அரசின் பள்ளிக்கல்வித் தளம் 2017-இல் வந்தது, அடுத்த வருஷமே நம் பாடநூல்களில் க்யூஆர் கட்டம் வந்துவிட்டது, அதில் உள்ளதை இறக்கி வைத்துக்கொண்டு சிக்னல் இல்லாத இடத்திலும் காட்டலாம். ஆசிரியர் பயிற்சிகளும் அதில் இருக்கின்றன. ஸ்வயம் என்ற மத்திய அரசின் ஆன்லைன் கோர்ஸ் தளத்தில் படிப்பது இலவசம், தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் பணம். தேசியக் கல்விக் கொள்கை 2020 ஆசிரியருக்கு வருஷத்துக்கு 50 மணி நேரப் பயிற்சி என்கிறது, நம் மாநிலம் அந்தக் கொள்கையை ஏற்கவில்லை என்பது வேறு கதை. ஐம்பது மணி நேரம் வீடியோவை ஓடவிட்டுவிட்டுச் சாம்பார் தாளிக்கிறவர்களை எனக்குத் தெரியும், நானும் செய்திருக்கிறேன், சான்றிதழும் வந்தது. சர்டிபிகேட் ஃபைலில் வைக்க ஆகும், வகுப்புக்கு ஆகாது. மேலே சொன்ன ஒரு பாடம், ஒரு கருவி, பக்கத்தில் ஓர் ஆள், இது ஒரு டெர்ம் ஓடிய பிறகு கோர்ஸில் சேருங்கள், அப்போது கேட்பதற்கு உங்களிடம் கேள்வி இருக்கும்.

பாஸ்வேர்டை ஒரு சின்ன நோட்டில் எழுதி வீட்டுப் பீரோவில் வையுங்கள், பள்ளி மேஜையில் வேண்டாம். ஓடிபி கேட்டு யார் போன் பண்ணினாலும், ஆபீஸிலிருந்து பேசுகிறேன் என்று சொன்னாலும், கொடுக்காதீர்கள். அப்புறம், ஆத்தங்குடிக் கல்லைப் படம் எடுக்கப் போகிறீர்கள் என்றால் நின்ற இடத்திலிருந்து சாய்வாக எடுக்க வேண்டாம், சதுரம் சரிவகமாகிவிடும், எவ்வளவு சுழற்றினாலும் பொருந்தாது. குனிந்து, போனைத் தரைக்கு நேர் மேலே பிடித்து, உங்கள் நிழல் விழாத காலை நேரத்தில் எடுங்கள். முதல் தடவை நான் சாய்வாக எடுத்துவிட்டு அரை மணி நேரம் சாஃப்ட்வேரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.